ஓய்வுக்குப் பிறகு எந்தச் சங்கத்தில் நிற்பது?

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எனக்குப் பதவி ஆசை உண்டு. முப்பத்திரண்டு வருஷம் தாவரவியல் வாத்தியாராக இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தவன் நான். காலை பத்து மணிக்கு யாரும் எழுந்து நின்று வணக்கம் சொல்லாதது முதல் ஆறு மாதம் நிம்மதியாக இருந்தது. ஏழாவது மாதம் உறுத்தத் தொடங்கியது. "சேவை செய்யத்தான் வந்தேன்" என்று சங்கங்களுக்குள் நுழைகிற ஓய்வுபெற்ற பேராசிரியர்களில் பாதிப் பேருக்காவது இந்த உறுத்தல் இருக்கும். அதை மூடி வைத்துக்கொண்டு எந்தப் பதவி நல்லது என்று ஒப்பிட உட்கார்ந்தால், கணக்கு முதல் வரியிலேயே தப்பிவிடும்.

எனக்கு முன்னால் இருந்தவை மூன்று. ஓர் அகில இந்தியத் தாவரவியல் அமைப்பின் துணைத் தலைவர் தேர்தல். அதில் நான் இருபத்தைந்து வருஷ ஆயுள் உறுப்பினர், பெயர் இங்கே வேண்டாம். அடுத்தது, மக்கள் அறிவியல் அமைப்பு ஒன்றின் மாவட்டத் தலைவர் பொறுப்பு. அதை நான் தேடிப் போகவில்லை, அவர்களே வந்து கேட்டார்கள். மூன்றாவது, காரைக்குடியிலேயே இருக்கும் ஒரு சின்ன இயற்கைக் கழகம். ஏட்டில் முப்பத்தொரு பேர், கூட்டத்துக்கு வருவது எட்டு ஒன்பது பேர். அதன் தலைவர் காலமாகிவிட்டார். செயலாளரோ மகன் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். ஆக அங்கே இரண்டு நாற்காலியும் காலி.

ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டேன். மதிப்பு, செலவு, அலைச்சல், ஜெயிக்கும் வாய்ப்பு என்று நாலு தலைப்பு. மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க். வாத்தியார் புத்தி. அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டு அண்ணனிடம் போனேன். வங்கி மேலாளராக ஓய்வுபெற்றவர், என்னைவிட ஏழு வயது மூத்தவர், அவர்கள் ஊர்ச் சிவன் கோயில் கணக்கைப் பல வருஷம் பார்த்தவர். தாளை ஒரு முறை பார்த்தார், காபி டம்ளருக்கு அடியில் வைத்தார்.

"சார், மாநாட்டு நாளை எடுத்துருங்க. சால்வை, மாலையையும் எடுத்துருங்க. மாமூலா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில அந்தப் பதவிக்காரருக்கு என்ன வேலை? அதை மட்டும் சொல்லுங்க."

"எல்லாப் பதவிக்கும் செவ்வாய்க்கிழமை வேலை இருக்குமாண்ணே?"

"இல்லைன்னா அது பதவி இல்ல சார், போட்டோ."

கட்டம் போட்ட தாள் அங்கேயே போயிற்று. மூன்றையும் அவர் கேட்ட கேள்வியை வைத்தே மறுபடி பார்த்தேன்.

அகில இந்தியப் பதவியிலிருந்து தொடங்குகிறேன், மனசு அங்கேதான் அதிகம் இழுத்தது. நான் படித்ததும் நடத்தியதும் பாசிகள். தமிழ்நாட்டில் பாசி படித்தவனுக்கு எம்.ஓ.பி. அய்யங்கார் குலதெய்வம் மாதிரி. சென்னைப் பக்கத்து ஈரமண்ணில் அவர் கண்டெடுத்து 1932-இல் விவரித்த ஃபிரிட்சியெல்லா என்ற சின்னப் பாசி, பச்சைப்பாசிகள் நீரிலிருந்து நிலத்துக்கு ஏறிய கதையைப் பேசும்போதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும். அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்த வரிசையில் கடைசி நாற்காலியாவது கிடைக்குமென்றால் யாருக்குத்தான் கசக்கும்?

ஆனால் துணைத் தலைவருக்குச் செவ்வாய்க்கிழமை என்று ஒன்று இல்லவே இல்லை. விதிமுறையை இரண்டு தடவை படித்தேன். தலைவர் இல்லாதபோது கூட்டத்துக்குத் தலைமை வகிக்கலாம், விருதுக் குழுவில் உட்காரலாம், ஆண்டு மாநாட்டில் ஓர் அமர்வை நடத்தலாம். மற்ற நாட்களில் மின்னஞ்சலுக்கு "ஒப்புதல்" என்று பதில் போடலாம். மாநாடு ஒரு வருஷம் கௌஹாத்தி, ஒரு வருஷம் உதய்பூர். காரைக்குடியிலிருந்து விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்து, எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலுக்கு ஆட்டோ பிடித்து, அங்கிருந்து இரண்டு ராத்திரி ரயில். எனக்கு இடது முழங்கால் மடங்காது. கீழ்ப் படுக்கை கிடைக்காவிட்டால் அந்த இரண்டு ராத்திரியும் உட்கார்ந்துதான் போக வேண்டும்.

அந்த மாதிரிச் சங்கத்தில் தினமும் வேலை இருப்பது இதழாசிரியருக்கு. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2019-இல் கேர் பட்டியல் என்று ஒன்றைக் கொண்டுவந்து, எந்த ஆய்விதழில் வந்தால் கணக்கில் வரும் என்று சொன்னது. 2025 பிப்ரவரியில் அதைக் கைவிட்டு, நல்ல இதழ் எது என்பதைக் கல்லூரிகளே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் போலி இதழ்கள் மலிந்து கிடக்கும் காலத்தில், ஒரு பழைய சங்கத்தின் இதழை ஒழுங்காக, நேரத்துக்கு, நேர்மையான மதிப்பீட்டோடு கொண்டுவருவது பெரிய காரியம். அங்கே போட்டியிட நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆங்கிலம் சரளமாக எழுதுகிறவராக, இன்னும் முனைவர் பட்ட மாணவர்களுக்கு வழிகாட்டுகிறவராக இருந்தால் ஆசிரியர் குழுவுக்கு நில்லுங்கள். துணைத் தலைவருக்கு நிற்காதீர்கள்.

இந்தியத் தாவரவியல் சங்கத்தின் பிறப்பே இப்படித்தான். சங்கம் 1920-இல் வந்தது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன், இதழை 1919-இலேயே ஆரம்பித்துவிட்டார். இதழ் முந்தி, தலைவர் நாற்காலி பிந்தி.

தலைவர்கள் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. லண்டன் லின்னேயன் சங்கத்தில் 1858 ஜூலை 1-ஆம் தேதி டார்வின், வாலஸ் இருவரின் இயற்கைத் தேர்வுக் கட்டுரைகள் வாசிக்கப்பட்டன. அந்த ஆண்டு பற்றிய தலைமையுரையில் தலைவர் தாமஸ் பெல், துறையைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் இந்த ஆண்டில் இல்லை என்ற பொருளில் பேசினார். வகுப்பில் இதைச் சொல்லும்போது பையன்கள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இப்போது சிரிப்பு வரவில்லை. மேடையில் உட்கார்ந்தவனுக்கு எதிரே நடப்பது தெரியாமல் போவது எவ்வளவு சுலபம்!

ஜெயிக்கும் வாய்ப்பு? வாக்காளர்கள் நாடு முழுக்கச் சிதறிக் கிடக்கும் ஆயுள் உறுப்பினர்கள். முன்மொழியவும் வழிமொழியவும் ஆள் கிடைப்பார்கள், ஓட்டு கிடைப்பது வேறு விஷயம். பெரிய பல்கலைக்கழகத் துறையிலிருந்து நிற்பவருக்கு அவருடைய பழைய மாணவர்களே ஒரு தொகுதி. அரசுக் கலைக் கல்லூரியில் இளங்கலை நடத்தியவனின் மாணவர்கள் போலீஸ் ஸ்டேஷனிலும் கூட்டுறவு வங்கியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், ஆனால் ஓட்டு இல்லை.

மக்கள் அறிவியல் பக்கம் நிலைமை நேர்மாறு. அங்கே ஏழு நாளும் செவ்வாய்க்கிழமைதான். நம் பக்கத்தில் இந்த வகை வேலைக்கு நல்ல வேர் உண்டு. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980-இல் தொடங்கியது. அதன் 'துளிர்' இதழைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று ஆசிரியர்களாக இருக்கிறார்கள். பக்கத்துப் புதுக்கோட்டையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு வகுப்போடு பெண்களுக்குச் சைக்கிளும் பழக்கினார்கள். அந்த மாவட்டத்துச் சாலைகளில் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குடத்தோடு சைக்கிளில் போன பெண்களை நானே பார்த்திருக்கிறேன். ஓர் அமைப்பு ஊரை எப்படி மாற்றும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்கு வேண்டாம்.

குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு நான் சில வருஷம் மதிப்பீட்டாளராகப் போயிருக்கிறேன். பத்து முதல் பதினேழு வயதுப் பிள்ளைகள் உள்ளூர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து ஆய்வு செய்து வந்து சொல்ல வேண்டும், 1993 முதல் தேசிய அளவில் நடக்கிறது. ஒரு வருஷம் சாக்கோட்டைப் பக்கத்து அரசுப் பள்ளியிலிருந்து எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். ஊருணித் தண்ணீரின் கலங்கலை அளந்திருந்தாள். எங்கள் துறையில் இதற்கு செக்கித் தட்டு என்று ஒன்று இருக்கிறது. கறுப்பும் வெள்ளையுமாய் நாலு பாகம் பூசிய, ஒரு சாண் அகல வட்டத் தட்டு. கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பது. அவளிடம் இருந்தது வீட்டு எவர்சில்வர் தட்டு. அதில் ஆணியால் மூன்று துளை போட்டு, கிணற்றுக் கயிற்றில் கட்டி, கயிற்றில் சாணுக்குச் சாண் முடிச்சு.

"சென்டிமீட்டர்ல அளக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"ஸ்கேல் கோடு நனைஞ்சா தெரியல சார். முடிச்சுன்னா பாக்க வேணாம், தடவிப் பாத்துச் சொல்லிரலாம்."

"உன் சாணும் என் சாணும் ஒண்ணாம்மா?"

கொஞ்சம் யோசித்தாள். "எல்லா ஊருணியும் நான்தான் சார் அளந்தேன்" என்றாள். அளவுகோலின் சீர்மை பற்றி நான் ஒரு செமஸ்டர் முழுக்க நடத்தியது அந்த ஒரு வரியில் அடங்கிவிட்டது. பக்கத்தில் அவளுடைய அறிவியல் டீச்சர் பேசாமல் நின்றிருந்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவ்வளவு பிடித்திருந்தும் மாவட்டத் தலைவர் பொறுப்பு எனக்குச் சரிவராது என்றுதான் முடிவுக்கு வந்தேன். அங்கே உண்மையான வேலையெல்லாம் மாவட்டச் செயலாளரிடம். முதன்மைக் கல்வி அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வாங்குவது, ஒரே நாளில் மூன்று ஒன்றியத்துக்கு டூவீலரில் போவது, தலைமையாசிரியர்களைச் சம்மதிக்க வைப்பது, ராத்திரி பதினொரு மணிக்கு ஃபிளக்ஸ்காரரோடு சண்டை போடுவது. தலைவருக்கு மேடையும் அறிக்கையும். அறிக்கை சின்ன விஷயம் இல்லை. நீட், கல்விக் கொள்கை, மூடநம்பிக்கை என்று எதிலும் அமைப்புக்கு ஒரு நிலைப்பாடு உண்டு, அதைத் தலைவர் தொண்டை திறந்து சொல்ல வேண்டும். பலவற்றில் எனக்கும் அதே கருத்துதான். ஆனாலும் இன்னொருவர் எழுதிய வாசகத்தில் கையெழுத்துப் போடும் முன் நாலு திருத்தம் சொல்கிற ஆள் நான். பத்திரிகைக்காரர் காத்துக்கொண்டிருக்கும்போது அரைப்புள்ளியைப் பற்றிப் பேசுகிற தலைவரை வைத்துக்கொண்டு யாராலும் இயக்கம் நடத்த முடியாது. கூட்டங்களெல்லாம் மாலையில், வலது காது கொஞ்சம் மந்தம், கூட்ட இரைச்சலில் பாதி விழாது.

நாற்பத்தைந்து வயதுக்காரர், பேசத் தெரிந்தவர், பள்ளிக்கூடத்து உலகம் அறிந்தவர் என்றால் இதைவிட நல்ல இடம் கிடையாது. ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியரைத் தலைவராக வைப்பது இரு தரப்புக்கும் வசதியான பழக்கமாகிவிட்டது. அமைப்புக்கு ஒரு முனைவர் பட்டம், முனைவருக்கு ஒரு மேடை. வேலை என்னவோ நடக்கிறது, அவரால் இல்லை. மதிப்பீட்டாளராக எத்தனை வருஷம் கூப்பிட்டாலும் வருகிறேன், பதவி வேண்டாம் என்று சொன்னேன். அவர்கள் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை, அதுவும் ஒரு பதில்தான்.

மிஞ்சியது ஊர்க் கழகம். அண்ணனும் நானும் ஒரு நாள் சாவி வாங்கிக்கொண்டு போனோம். பழைய வீடு ஒன்றின் முகப்பை ஒட்டிய அறை. வீட்டுக்காரர்கள் சென்னையில், வாடகை இல்லை. ஆத்தங்குடிக் கல் தரையில் அரை விரற்கடை தூசி, ஒரு பீரோ, மூன்று நாற்காலி, சுவரில் வேட்டங்குடிப் பறவைகளின் மங்கிய போட்டோ. வேட்டங்குடி 1977-இல் சரணாலயமானது. திருப்பத்தூர்ப் பக்கம், அதையொட்டிய கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவை பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துத்தான் இந்தக் கழகமே ஆரம்பமானது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

பீரோவைத் திறந்ததும் ரச கற்பூரமும் எலிப் புழுக்கையும் கலந்த மாதிரி ஒரு வாடை. மேல் தட்டில் தீர்மான நோட்டு. கடைசிப் பதிவு மூன்று வருஷத்துக்கு முந்தியது: "அடுத்த கூட்டம் மூன்றாம் ஞாயிறு நடத்தத் தீர்மானிக்கப்பட்டது." அந்த ஞாயிறு வரவே இல்லை. கீழ்த் தட்டுகளில் ஹெர்பேரியம் ஷீட்டுகள், அதாவது உலர்த்திய செடிகளை ஒட்டி வைத்த தாள்கள், கட்டுக் கட்டாக. உட்கார்ந்து எண்ணினேன், நானூற்றுச் சொச்சம்.

அதில் ஒரு வேடிக்கை. எண்பதுகளில் செய்தவை அப்படியே இருந்தன. இலை பழுப்பேறியிருந்தாலும் ஒரு காம்புகூட உதிரவில்லை. அதற்குப் பிந்தியவை தொட்டால் பொடி. வண்டு அரித்து, இலை இருந்த இடத்தில் இலையின் உருவத்தில் தூள் மட்டும். காரணம் எனக்குத் தெரியும். அந்தக் காலத்தில் செடியை மெர்குரிக் குளோரைடு கரைசலில் முக்கியெடுத்து ஒட்டுவோம். கொடிய விஷம், எந்தப் பூச்சியும் கிட்டே வராது. ஆளுக்கும் ஆகாது என்று பிற்பாடு விட்டுவிட்டோம். விட்டது சரி. அதற்குப் பதிலாகக் கட்டுகளை அவ்வப்போது உறைகுளிரில் வைத்து எடுத்திருக்க வேண்டும், அதை யாரும் செய்யவில்லை. அண்ணன் ஒரு தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வேட்டியில் கையைத் துடைக்கப் போனார். "அண்ணே, சோப்பு போட்டுக் கழுவுங்க" என்று குழாயடிக்கு இழுத்துப் போனேன்.

நானே ஒட்டிய ஷீட் ஒன்றும் கிடைத்தது. காரைச் செடி, இந்த ஊருக்கே பெயர் கொடுத்ததாகச் சொல்கிறார்களே, அதே முள்செடி. 1984, நேமம் போகும் பாதை, ஊருணி மேல்கரை என்று என் இருபத்திரண்டு வயதுக் கையெழுத்து. அந்த மேல்கரையில் இப்போது காரையும் இல்லை, சூரையும் இல்லை. சீமைக்கருவேலும் அதற்கு அப்பால் தைலமரமும். அங்கே என்ன இருந்தது என்பதற்கு, எனக்குத் தெரிந்து, அந்த ஒரு தாள்தான் அத்தாட்சி.

இனி செவ்வாய்க்கிழமைக் கணக்கு. இந்தக் கழகத்துக்குச் செயலாளராக இருப்பவருக்குச் செவ்வாய்க்கிழமை காலை என்ன வேலை என்று எழுத ஆரம்பித்தால் ஒரு பக்கம் போதவில்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, ஆடிட்டர் பார்த்த கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். நிர்வாகிகள் மாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். மூன்று வருஷ பாக்கி. வங்கிக் கணக்கில் இரண்டு வருஷத்துக்கு மேல் வரவும் இல்லை, எடுப்பும் இல்லை, செயலற்ற கணக்காகிவிட்டது. அதை உயிர்ப்பிக்கப் புதிய தீர்மானம், புதிய கையெழுத்து, எல்லோருடைய ஆதாரும் பான் கார்டும். இதையெல்லாம் அண்ணன் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார், சந்தோஷமாக. ஓய்வுபெற்ற வங்கிக்காரருக்குச் செயலற்ற கணக்கு என்றால் எனக்குக் கலங்கிய ஊருணி மாதிரி.

காகித வேலைக்கு அப்பால் இருப்பதுதான் என்னை இழுக்கிற வேலை. செட்டிநாட்டு ஊர்களில் ஊருணி வெறும் குளம் இல்லை. குடிக்கிற ஊருணி வேறு, குளிக்கிற ஊருணி வேறு. குடிநீர் ஊருணிப் படியில் செருப்போடு இறங்கினால் இன்றைக்கும் சத்தம் போடுகிற பாட்டிகள் இருக்கிறார்கள். ஆனால் வரத்துக்கால் வழியாகச் சாக்கடையும் வயல் உரமும் சேர்ந்துவிட்டால், சித்திரை வைகாசியில் தண்ணீர் மேல் பச்சை பெயின்ட் கொட்டியது போல் நீலப்பச்சைப் பாசி படரும். அதில் சில வகை நஞ்சு சுரப்பவை. கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. எந்த ஊருணியில், எந்த மாதம், என்ன வகை என்று மாதம் ஒரு முறை பார்த்து எழுதி வைக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு தட்டு, முடிச்சுப் போட்ட கயிறு, விடாமல் பன்னிரண்டு மாதம் போகிற ஆள் போதும்.

எழுதி வைத்தால் போய்ச் சேர இடமும் இருக்கிறது. பல்லுயிர்ச் சட்டம் 2002-இன்படி ஒவ்வோர் உள்ளாட்சிக்கும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். மதுரைப் பக்கம் அரிட்டாபட்டி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது. 2025-இல் திண்டுக்கல் பக்கம் காசம்பட்டி என்ற கோயில்காடும் ஆனது. நம் பகுதியில் கோயில்காட்டுக்கா பஞ்சம்? அய்யனார் கோயிலைச் சுற்றி மிஞ்சியிருக்கும் காட்டில் என்ன மரம், எத்தனை, எப்போதிலிருந்து என்று கேட்டால் எடுத்து நீட்டத்தான் ஏடு இல்லை. ஜனவரியில் பொங்கலை ஒட்டிப் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. கைபேசி இருந்தால் போதும், யாரும் சேரலாம். செடிக்கும் பாசிக்கும் அப்படி யாரும் வரவில்லை.

எட்டுப் பேர் சங்கம் என்று இளக்காரமாக நினைத்த எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை 1883-இல் தொடங்கியவர்களும் எட்டுப் பேர்தான். சேகரித்ததை வைக்க இடமில்லாமல், ஃபிப்சன் என்ற மது வியாபாரியின் கடையில் ஓர் அறை கிடைத்தது. நமக்கு ஆத்தங்குடிக் கல் பதித்த அறை, அவர்களைவிட மேல்.

வேறு வழிகளும் சிலர் சொன்னார்கள். புதிதாக நாமே ஒரு சங்கம் தொடங்கினால் என்ன? ஏழு பேர் கையெழுத்துப் போட்டால் பதியலாம், எட்டாவது ஆளைக் கூட்டத்துக்கு வரவழைப்பதில்தான் கஷ்டம். பழைய கழகத்தைத் தூசி தட்டுவது மலிவு, பீரோவும் வருகிறது. "கௌரவப் புரவலர்" ஆகுங்கள் என்றார் ஒருவர். புரவலர் என்ற சொல்லுக்கு இந்த ஊரில் அளவுகோல் கொஞ்சம் பெரிது. அழகப்பச் செட்டியார் முந்நூறு ஏக்கர் நிலமும் பதினைந்து லட்ச ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்த ஊர் இது. பென்ஷன்காரன் மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டு அதே பட்டத்தைப் போட்டுக்கொண்டால் தெருவில் நடக்க முடியாது. பல்லுயிர்க் குழுவில் நியமன உறுப்பினராகச் சேரலாம் என்றார் இன்னொருவர். நல்லதுதான், ஆனால் நியமிப்பது உள்ளாட்சி, நானாகப் போய் நிற்க முடியாது. காரைக்குடி மாநகராட்சியாகி ஒன்றிரண்டு வருஷம்தானே ஆகிறது, கூப்பிட்டால் பார்க்கலாம்.

கழகம்தான் என்று தெளிவான பிறகும் ஒரு முள் பாக்கி. தலைவரா, செயலாளரா? சொல்ல வெட்கமாக இருக்கிறது, தலைவர் என்றே மனசு சொல்லிற்று. வயதுக்கும் படிப்புக்கும் அதுதானே முறை? வீட்டில் கேட்டேன். "செயலாளர்னா நோட்டு எழுதணும், போன் பண்ணணும், சாவி வச்சுக்கணும். கல்லூரியில அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரையே பக்கத்து ரூம் மேடம் எழுதினதா சொல்வீங்களே" என்றாள். உண்மை. அதனால்தான் செயலாளர். கழகம் செத்தது தலைவர் இல்லாததால் இல்லை. நோட்டு எழுத ஆள் இல்லாததால்.

அண்ணன் கோயில் வழக்கத்தைச் சொன்னார். "எங்கள்ல காரியம் பார்க்கிறது முறை சார். முறை வந்தா பார்க்கணும், முடிஞ்சா அடுத்த புள்ளிகிட்ட, அதாவது அடுத்த குடும்பத்துகிட்ட, கணக்கையும் சாவியையும் ஒப்படைக்கணும். 'நான் நல்லாப் பாக்குறேன், நானே இருக்கேன்'னு யாரும் சொல்ல முடியாது." சர் சி.வி. ராமன் 1934-இல் இந்திய அறிவியல் அகாதெமியைத் தொடங்கி 1970-இல் காலமாகும்வரை அவரே தலைவர் என்று நான் சொன்னேன். "ராமன் சரி சார், அவர் ராமன்" என்றார் அண்ணன். அதோடு என் வாய் அடைத்தது. மூன்று வருஷம், அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று தீர்மான நோட்டிலேயே எழுதிவிடுவதாகச் சொன்னேன். எழுதியும்விட்டேன்.

பொதுக்குழு போன மாதம் நடந்தது. பதினோரு பேர் வந்திருந்தார்கள். தலைவராக, அந்த எவர்சில்வர் தட்டுப் பெண்ணைக் கூட்டி வந்த அறிவியல் டீச்சரை முன்மொழிந்தேன். முப்பத்து நாலு வயது, பள்ளிக்கூடம் விட்டு நேரே வந்திருந்தார். "சார், நீங்க இருக்கும்போது நானா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். "உட்காருங்க டீச்சர், தலைவர் உட்கார்ந்தாத்தான் நான் மினிட்ஸ் எழுத முடியும்" என்றேன். பொருளாளர் அண்ணன். துணைத் தலைவர் வேட்புமனுவைத் திரும்பப் பெற்று மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை, அதையும் மறைப்பதற்கில்லை. இதழுக்கு வரும் பாசிக் கட்டுரைகளை மதிப்பிட்டுத் தருகிறேன் என்றும் அதிலேயே எழுதியிருந்தேன். மறுநாளே இரண்டு வந்தன.

கௌஹாத்திக்கு ஒதுக்கிய பணத்தில் பழைய டீப் ஃப்ரீசர் ஒன்று வாங்கலாம் என்று விசாரித்திருக்கிறேன். விஷம் தடவாத ஷீட்டுகளை அதில் ஒரு வாரம் வைத்து எடுத்தால் மிச்ச வண்டும் முட்டையும் சாகும். வீட்டு ஃப்ரீசரில் வைக்கலாமா என்று கேட்டதற்கு வந்த பதிலை இங்கே எழுத முடியாது.

நாளை செவ்வாய். ஒன்பதரைக்குப் பதிவாளர் அலுவலகம் போக வேண்டும். பழைய செயலாளரின் கையெழுத்து கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் வருகிறது என்றார்கள், இன்னும் வரவில்லை.